ஆட்டுத்தாடிக்கு ஒரு வக்காலத்து

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அக்கா மகன் ஒரு தீர்ப்பு வாசித்தான். "மோரோவா? வேஸ்ட் மாமா. ப்ரோலி முன்னாடி ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டான்." அவ்வளவுதான். வாதம் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீட்டுக்கு அவகாசமும் இல்லை. சொல்லிவிட்டு மொபைலோடு பால்கனிக்குப் போய்விட்டான். எனக்குத்தான் குடித்த ரசம் நெஞ்சோடு நின்றுவிட்டது.

அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். எனக்கு என்ன வயது என்பது இங்கே முக்கியமில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில், டிராகன் பால் என்னும் ஜப்பான் படக்கதையில் வரும் கொம்பு முளைத்த சூனியக்காரர் ஒருவருக்காக ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவள், சீரியலில் மருமகளுக்கு விஷம் வைத்தவளைத் தினமும் ராத்திரி பெயர் சொல்லிச் சபிக்கிறவள். அதனால் பதில் சொல்லவில்லை.

யார் யாரை அடிப்பார் என்று கணக்குப் போடும் இந்த வியாதி உங்களுக்கும் உண்டு. தெரிந்துதான் எழுதுகிறேன், இல்லையென்று முகத்தைத் திருப்ப வேண்டாம். செல்லையும் ஃப்ரீசாவையும் மனசுக்குள் மோதவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவர்தானே நீங்கள்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, உள்ளே வெஜிட்டாவுக்கு இன்னொரு உருமாற்றம் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஆராய்ந்தவர்தானே? நானும் அப்படித்தான். நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு.

இந்த நோயின் விதையைப் போட்டவர் டிராகன் பாலைப் படைத்த அகிரா தொரியாமாவேதான். ராடிட்ஸ் பூமியில் வந்து இறங்கியதும் கண்ணில் மாட்டியிருந்த கருவியால் துப்பாக்கி வைத்திருந்த ஒரு குடியானவரைப் பார்ப்பார். பலம் 5 என்று காட்டும். பாவம் அந்த மனிதர், நிலத்தில் என்னவோ விழுந்ததே என்று பார்க்க வந்தவர், வந்த இடத்தில் மார்க் வாங்கிச் செத்தார். அங்கிருந்து ஏறிய எண், நாமெக் கிரகத்துக்கு வந்தபோது ஃப்ரீசா வாயாலேயே 5,30,000 என்று சொல்கிற அளவுக்குப் போயிற்று. அதிலும் அது அவருடைய முதல் வடிவத்துக்கு மட்டும். நாமெக்கைத் தாண்டியதும் தொரியாமா இந்த எண் விளையாட்டைக் கைகழுவினார். அவருக்குப் புரிந்துவிட்டது. நமக்குத்தான் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் புரியவில்லை. கருவி கழன்று விழுந்த பிறகும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அலைகிறோம்.

என் அக்கா மகனின் தீர்ப்பில் என்ன கோளாறு என்றால், மோரோவின் விஷயத்தில் அந்தக் கேள்வியே செல்லாது. ப்ரோலி, கோபம் ஏற ஏறப் பலம் பெருகிக்கொண்டே போகிற ஆசாமி. 2018-இல் வந்த படத்தில் கதாநாயகன் கோகுவையும் அவருடைய போட்டியாளர் வெஜிட்டாவையும் பனிமலையில் போட்டுத் தேய்த்தவர். எல்லாம் சரி. ஆனால் மோரோ, எதிரே நிற்கிறவரின் சக்தியைத் தொடாமலேயே உறிஞ்சிக்கொள்கிறவர். அவருக்கு ப்ரோலி எதிரியே அல்ல, பந்தி. அந்தப் பக்கம் கூட்டு பொரியல் ஏற ஏற இந்தப் பக்கம் இலை விரிந்துகொண்டே போகும். இதைத்தான் பால்கனிப் பக்கம் பார்த்துச் சொன்னேன். காதில் ஹெட்ஃபோன்.

ஆகவே மோரோதான் டிராகன் பால் வில்லன்களிலேயே தலைசிறந்தவர் என்பதற்கு மூன்று காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறேன். மூன்றாவதுதான் முக்கியமானது. அதைக் கேட்டால் அக்கா மகன் வாயடைத்துப் போவான். பொறுமையாக வாருங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. டிராகன் பால் சூப்பர் படக்கதை 2015-இல் ஜப்பானில் வி ஜம்ப் என்னும் மாத இதழில் வரத் தொடங்கியது. கதை தொரியாமா, வரைந்தவர் டொயொடாரோ. 2018 கடைசியில் 42-ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 2020 கடைசியில் 67-இல் முடிந்தது மோரோவின் கதை. மாதத்துக்கு ஓர் அத்தியாயம். ஒரு குத்து விடக் கை ஓங்கினால் அது மூக்கில் விழ அடுத்த மாதம் ஆகும். அவ்வளவு பொறுமையோடு படித்தவர்கள் அத்தனை பேரும் மகான்கள். என்னைப்போல் தொகுதியாக வாங்கிப் படித்தவர்கள் சாதாரண மனிதர்கள். 9 முதல் 15 வரை ஏழு தொகுதிகள்.

மோரோ ஒரு கிழவர். ஆட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, நீளமான முகம், தொளதொள அங்கி. ஒரு கோடி வருஷத்துக்கு முன்னால் கிரகம் கிரகமாகத் தின்றுகொண்டிருந்தவரைப் பெரிய காயோஷின் என்ற கடவுள், தன் சக்தியைச் செலவழித்து, அவருடைய மந்திரத்தைக் கட்டிப்போட்டார். அதிலிருந்து விண்மீன் காவல்படையின் சிறையில். ஒரு கோடி வருஷம்! ஆயுள் கைதிகளுக்கே தலைவர். வயதுக்கு மரியாதை கொடுத்து இந்தக் கட்டுரை முழுக்க 'அவர்' என்றே எழுதுகிறேன். அக்கா மகன் 'அவன் இவன்' என்றது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சிறையிலிருந்து தப்பிய கிழவர், ஃப்ரீசாவிடம் வேலை பார்த்த கிரான்பெரி என்ற ஒருவனைக் கூட்டிக்கொண்டு புதிய நாமெக் கிரகத்துக்குப் போகிறார். டிராகன் பந்துகளைக் கூட்டி, கட்டிப்போடப்பட்ட தன் மந்திரத்தைத் திரும்பப் பெற வேண்டும். வழி காட்டிய கிரான்பெரிக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் முடித்துவிட்டார். கோகுவும் வெஜிட்டாவும் அங்கே போய் இறங்குகிறார்கள். வழக்கம்போல் வெஜிட்டா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் வருகிறார். வழக்கம்போல் நாமும் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருகிறோம்.

அங்கே நடப்பதுதான் முதல் காரணம். வெஜிட்டா அடிக்கிறார், நன்றாகவே அடிக்கிறார். ஆனால் சண்டை போகப்போகக் கை கனக்கிறது. மூச்சு வாங்குகிறது. உருமாற்றம் தானாகக் கலைகிறது. திரும்ப மாற முயன்றால் மாற முடியவில்லை. கோகு வருகிறார், அவருக்கும் அதே கதி. இருவர் சக்தியும் அவர்களுக்கே தெரியாமல் கசிந்து கிழவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கிரகத்தின் உயிரும் அப்படியே. கிழவர் அவசரப்படுவதில்லை. அவருக்கு எதற்கு அவசரம்?

இதன் கொடுமையை யோசித்துப் பாருங்கள். இந்தக் கதை 1984-லிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வேதம் பயிற்சி. ஆமை ஓடு முதுகில், கனத்த உடை தோளில், நூறு மடங்கு ஈர்ப்பு விசை அறைக்குள். அடிபட்டால் இன்னும் பயிற்சி, செத்தால் மேலுலகத்தில் பயிற்சி. அந்த வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை நாம். எத்தனை பேர் வீட்டு மொட்டை மாடியில் மணல் மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு ஓடி சுளுக்கிக்கொண்டோம்! அந்த வேதத்துக்கு மோரோ சொன்ன பதில்: நன்றாகப் பயிற்சி செய், எனக்கு நல்லது. நீ சேர்த்த ஒவ்வொரு துளியும் என் வயிற்றுக்கு. ஐம்பது வருஷம் தண்டால் எடுத்தவனைவிடச் சோம்பேறிதான் இவருக்கு எதிரே பத்திரம். குடியானவரின் அந்த 5-ஐ இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்படி ஒரு வில்லன் அதற்கு முன் வந்ததில்லை.

உறிஞ்சுவது இந்தக் கதையில் புதிதல்லவே என்று கேட்பீர்கள். புதிதல்லதான். டாக்டர் கெரோவும் அவர் செய்த 19-ஆம் எண் இயந்திர மனிதனும் உள்ளங்கையால் உறிஞ்சினார்கள். ஆனால் அதற்குக் கையைப் பிடிக்க வேண்டும், கழுத்தைப் பிடிக்க வேண்டும். வெஜிட்டா வந்து கையைப் பிய்த்து எறிந்ததும் கதை முடிந்தது. பாபிடி என்ற குள்ள மந்திரவாதிக்கு மஜின் பூவை எழுப்ப சக்தி வேண்டியிருந்தது. அவர் என்ன செய்தார்? ஸ்போபோவிச், யாமு என்ற இரண்டு அடியாட்களைத் தற்காப்புக்கலைப் போட்டிக்கு அனுப்பி, ஜாடி மாதிரி ஒரு கருவியால் கோகுவின் மகன் கோஹானின் விலாவில் குத்தி எடுத்துவரச் சொன்னார். அப்போது கோஹானை அசைய விடாமல் பிடித்து வைத்தவர் நம் கட்சிக் கடவுள் காயோஷின்! திருடனுக்கு ஏணி பிடித்தார். அதை நினைத்தால் இன்னொரு கட்டுரை வரும், வேண்டாம். விஷயம் என்னவென்றால், பாபிடி சேகரிப்பாளர்; எடுத்ததைத் தானே குடிக்கத் தெரியாதவர். எழுப்பிய பூ கையாலேயே செத்தார். மோரோவுக்கு அடியாளும் வேண்டாம், ஜாடியும் வேண்டாம்.

இங்கிருந்து நேராக இரண்டாவது காரணத்துக்குப் போயிருக்கலாம். போக விடாமல் ஒரு பீன்ஸ் குறுக்கே கிடக்கிறது.

65-ஆம் அத்தியாயம். கோகு, முயற்சியே இல்லாமல் உடல் தானாக இயங்கும் அந்த உச்ச நிலையை முழுசாக அடைந்துவிட்டார். வெள்ளி முடி. மோரோ அடி வாங்கிக் கிடக்கிறார். கதை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அப்போது கோகு, இந்த மனிதனை என்ன சொல்லித் திட்ட, மோரோவுக்குக் காயம் ஆற்றும் ஒரு சென்சு பீன்ஸ் கொடுக்கிறார். சாப்பிட்டுவிட்டு மரியாதையாகச் சிறைக்குத் திரும்பிப் போ என்கிறார். ஒரு கோடி வருஷம் உள்ளே கிடந்து தப்பித்தவரிடம்! கிரகங்களைத் தின்றவரிடம்! மோரோ வாங்கிச் சாப்பிட்டார், உடம்பு சரியாயிற்று, பாய்ந்தார். பாயாமல் என்ன செய்வார்? அதன் பிறகு பூமியே அழிந்துபோகும் நிலைக்கு வந்தது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன் என்று சொன்னால் நாகரிகமாக இருக்கும். எறிந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கழன்று விழுந்தது.

இது ஏதோ ஒரு முறை நடந்த கருணை என்றால் விட்டுவிடலாம். இந்த ஆளுக்கு இது பழக்கம். கணக்கை எடுத்துப் பார்ப்போம். முதலில் ராடிட்ஸ். சொந்த அண்ணன், மகனைத் தூக்கிக்கொண்டு போனவன். அவன் வால் கோகுவின் கையில் சிக்கியிருக்கிறது, வாலைப் பிடித்தால் சயான் இனத்தவருக்கு உடம்பே செயலிழந்து போகும். இனிமேல் ஒழுங்காக இருக்கிறேன், விட்டுவிடு தம்பி என்கிறான். விட்டுவிட்டார். அடுத்த நொடி விலா எலும்பில் உதை. கடைசியில் இருவரையும் சேர்த்துப் பிக்கோலோ துளைத்துக் கொல்ல வேண்டியதாயிற்று. அங்கே பீன்ஸ் இல்லை, ஆனால் அதே புத்தி.

பிக்கோலோவுக்கு அதற்கும் முன்பே கொடுத்தாயிற்று. 23-ஆம் உலகப் போட்டியின் இறுதிச் சுற்று. கை கால் எல்லாம் போன நிலையில் கோகு தலையால் மோதி ஜெயிக்கிறார். யாஜிரோபே சென்சு பீன்ஸ் கொண்டுவருகிறார். கோகு தான் ஒன்று தின்கிறார், எழுந்து போய் பிக்கோலோ வாயில் ஒன்று போடுகிறார். இங்கே கோகுவுக்காகப் பேச இடமுண்டு. பிக்கோலோ செத்தால் கூடவே கடவுளும் சாவார், டிராகன் பந்துகளும் போய்விடும். பிற்காலத்தில் அந்தப் பிக்கோலோதான் கோஹானைப் பெற்ற அப்பனைவிடப் பொறுப்பாக வளர்த்தவர். ஒரு பீன்ஸுக்கு ஆயுள் முழுக்க இலவச ஆயா. ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல முதலீடு. அந்த ஒரு லாபத்தை நம்பித்தான் மனிதர் அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் போட்டுப் போட்டு இழந்தார்.

வெஜிட்டா முதல் முறை பூமிக்கு வந்து நசுங்கித் தரையில் ஊர்ந்து போகிறார். கிரில்லின் கையில் யாஜிரோபேயின் வாள், ஒரு குத்துதான் பாக்கி. நண்பர்கள் யாம்சா, டியன், பிக்கோலோ எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள். கோகு படுத்த படுக்கையிலிருந்து, வேண்டாம், விட்டுவிடு என்கிறார். காரணம் கேளுங்கள்: இவ்வளவு பலசாலியை இழப்பது வீணாம், இன்னொரு தடவை சண்டை போட வேண்டுமாம்! கிரில்லின் வாளைத் தாழ்த்தினார். அந்த மனிதருடைய பொறுமையைப் பற்றி யாராவது ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். வெஜிட்டா பிற்பாடு நல்லவராகிக் குடும்பஸ்தர் ஆனார் என்பீர்கள். நடுவில் மனம் மாறிப் பாபிடியின் பக்கம் போய்ப் போட்டி அரங்கில் உட்கார்ந்திருந்த ஜனங்களைக் கொன்றாரே, அவர்களுடைய குடும்பத்தில் போய் இதைச் சொல்லுங்கள்.

ஃப்ரீசா. நாமெக்கில் தன் வட்டைத் தானே வாங்கி இரண்டு துண்டாகிக் கிடக்கிறார். உதவி செய் என்று கெஞ்சுகிறார். கிரில்லினை வெடிக்கவைத்துக் கொன்ற ஃப்ரீசா. பீன்ஸ் கைவசம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, கோகு தன் சொந்த சக்தியிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்! வாங்கியவர் அதையே கோகு மேல் திருப்பி அடித்தார். அப்புறம் உலோக உடம்போடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பூமிக்கே வந்தார். எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு பையன் வாளால் துண்டு துண்டாக வெட்டித்தான் அந்தத் தர்மத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கடைசியாக செல். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. செல் வைத்த போட்டியில் கோகு சண்டை போட்டுவிட்டு, நான் தோற்றேன், அடுத்து என் மகன் வருவான் என்கிறார். மகன் சின்னப் பையன். அதோடு நிறுத்தினாரா? கிரில்லினிடம் ஒரு பீன்ஸ் கேட்டு வாங்கி, இந்தா சாப்பிடு என்று செல்லிடம் எறிகிறார். களைத்துப்போனவனோடு மகன் மோதினால் நியாயமில்லையாம். பிக்கோலோ கத்துகிறார், உன் மகனுக்குச் சண்டையே பிடிக்காது, அவன் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் தெரியுமா என்று கேட்கிறார். நான் மேலே சொன்ன இலவச ஆயா கேட்ட கேள்வி அது, அப்பா யோசித்திருக்கவில்லை. முடிவில் வெடிக்கப்போன செல்லை எடுத்துக்கொண்டு கோகு தன் குரு கிங் காயின் குட்டிக் கிரகத்துக்குத் தாவினார். கோகு செத்தார், சரி, அவர் போட்ட பீன்ஸ். கிங் காய் என்ன பாவம் செய்தார்? அவருடைய குரங்கு என்ன பாவம் செய்தது?

அந்தப் பீன்ஸ் ஒன்றும் மூட்டையாகக் கொட்டிக் கிடப்பதில்லை. விண்ணை முட்டும் கோபுரத்தின் உச்சியில் கொரின் என்ற பூனை முனிவர் விளைவிப்பது. ஒன்று தின்றால் பத்து நாளைக்குப் பசிக்காது, எந்தக் காயமும் ஆறும். தேவையான நேரத்தில் எப்போது பார்த்தாலும் கடைசி ஒன்றுதான் இருக்கும். நண்பன் ஒருவன் அந்தப் பக்கம் குடல் சரிந்து கிடப்பான், பை காலியாக இருக்கும். ஆனால் எதிரிக்கு என்றால் எங்கிருந்தோ ஒன்று வந்துவிடும். கொடுக்கிறவரைக் கொடைவள்ளல் என்று பேசுகிறார்கள். தான் பயிரிட்டதா? தண்ணீர் ஊற்றினாரா? ஊரார் வீட்டு நெய்யைத்தானே ஊற்றுகிறார்!

அக்கா மகன் இதற்கும் பதில் வைத்திருந்தான். "அது கோகு கேரக்டர் மாமா." மோரோ கதையில் கோகு காவல்படையின் சீருடை மாட்டிக்கொண்டிருந்தாராம், மெரஸ் என்ற அதிகாரி அவருக்கு வழிகாட்டியாம், ஆகவே கைதியை உயிரோடு ஒப்படைப்பது கடமையாம். கைதிக்கு முதலுதவி செய்வது சட்டம் என்றே வைத்துக்கொள்வோம். விலங்கு மாட்டிவிட்டுச் செய்யக்கூடாதா? தேவதூதரான அந்த மெரஸ், இவர்களுக்காகத் தன் இனத்தின் விதியையே மீறிச் சண்டை போட்டுக் கண்ணெதிரே கரைந்துபோனார். அவர் கரைந்த ஈரம் காயவில்லை, அதற்குள் பீன்ஸ்.

இரண்டாவது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோரோவும் கோகுவும் செய்வது ஒரே வேலை. கோகுவின் கெங்கி டாமா என்ன? புல், மரம், விலங்கு, மனிதன், பக்கத்துக் கிரகம் என்று எல்லாரிடமிருந்தும் சக்தியைத் திரட்டி ஓர் உருண்டையாக்கி எறிவது. மோரோவும் அதையேதான் திரட்டுகிறார். ஒருவர் கேட்டு வாங்குகிறார், மற்றவர் கேட்காமல் எடுக்கிறார். கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மஜின் பூ கதையில் பார்த்தோம். கையை உயர்த்துங்கள், உலகத்தைக் காப்பாற்ற உங்கள் சக்தியைக் கொடுங்கள் என்று வெஜிட்டா வானத்திலிருந்து கேட்டார், ஜனங்கள் சட்டை செய்யவில்லை. கோகு கேட்டார், அப்போதும் இல்லை. ஒரு சண்டையும் உருப்படியாகப் போடாத மிஸ்டர் சாத்தான் ஒரு அதட்டல் போட்டதும் உலகமே கையைத் தூக்கியது. பிரபலம் சொன்னால்தான் தூக்குவார்கள். இதையெல்லாம் பார்த்த ஒரு கிழவர், இவர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட எடுத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்தால், தப்புத்தான், ஆனால் புரிகிறது. கடைசியில் மோரோவை முடித்ததும் அதே வழிதான்: வெஜிட்டா எல்லோருடைய சக்தியையும் சேர்த்துக் கோகுவுக்கு அனுப்பினார், போதவில்லை, பூவின் மறுபிறவியான ஊப் என்ற சிறுவனின் சக்தி வந்து சேர்ந்த பிறகுதான் மோரோவின் நெற்றிக் கல் உடைந்தது. திருடனைப் பிடிக்க அவன் தொழிலையே செய்தார்கள். இந்த நுட்பத்தை ப்ரோலியிடம் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

மூன்றாவதற்கு வருமுன் ஒரு புகார். இதைச் சொல்லாவிட்டால் அது கட்டுரைக்குள் சரியாக உட்காராது. கிழவர் கிரகங்களைத் தின்னத் தின்ன இளமையானார். தாடிக் கிழவர் போய், தோள் புடைத்த, வயிறு பலகை பலகையாகப் பிரிந்த ஒரு கட்டழகர் வந்தார். எதற்கு? சூனியக்காரருக்கு எதற்கு வயிற்றில் பலகை? பலசாலிகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர், கடைசியில் தானே பலசாலியாகி முஷ்டியை மடக்கிக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் அவர் மற்றவர்களிலிருந்து விலகி நின்றாரோ அந்த இடத்தையே துடைத்துவிட்டார்கள். பிறகு அடுத்தவர் திறமையைப் பிரதியெடுக்கும் 73 என்ற இயந்திர மனிதனை விழுங்கவைத்தார்கள், பிறகு பூமியோடு கலக்கவைத்தார்கள். ஒன்று தோற்றால் இன்னொன்று. அந்தத் தொங்கு அங்கியோடு, தாடியைத் தடவிக்கொண்டு, நாலடி தள்ளி நின்றபடியே அவர் ஜெயித்துக்கொண்டிருந்தாரே, அது யாருக்கு உறுத்திற்று?

வெஜிட்டாவுக்குச் செய்ததோ பச்சைத் துரோகம். உறிஞ்சுகிறவனைப் பலத்தால் வெல்ல முடியாது என்று கதையில் முதலில் புரிந்துகொண்டவர் அவர். ஆணவத்தை மடித்து வைத்துவிட்டு யார்ட்ராட் கிரகத்துக்குப் போய், உறிஞ்சிய சக்தியை அடித்துப் பிரித்து உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் வெஜிட்டா பயிற்சி எண்ணிக்கையை ஏற்றாமல் புத்தியைப் பயன்படுத்திய ஒரே சந்தர்ப்பம். வந்தார், குத்தினார், மோரோவின் உடம்பிலிருந்து சக்தி பீறிட்டு வெளியே போயிற்று. நான் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கொஞ்ச நேரத்தில் மோரோ 73-ஐ விழுங்கிவிட்டார், வெஜிட்டா பழையபடி ஓரமாகிவிட்டார். வெற்றியைக் கோகுவுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாளிலிருந்தே ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் என்றைக்காவது ஒரு பெரிய எதிரியை முழுசாகத் தானே முடித்தார் என்று ஓர் அத்தியாயம் வருமா? பீன்ஸ் கொடுக்கிறவருக்குத்தான் கோப்பை, பாடம் படித்துவிட்டு வருகிறவருக்கு ஓரம். கோபம் வருகிறதா இல்லையா?

எனக்கு வருகிறது. ரத்த அழுத்த மாத்திரை நேரமும் ஆகிவிட்டது. அக்கா மகன் பால்கனியிலிருந்து உள்ளே வந்து, "மாமா, அப்ப ஜிரென்கூட மோரோவை விட்டா?" என்று ஆரம்பித்திருக்கிறான். மூன்றாவது காரணத்தை அவனிடமே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மோரோவைப் புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் 9, 10, 11 தொகுதிகளை நிதானமாகப் படியுங்கள். அதில்தான் கிழவர் கிழவராக இருக்கிறார். 15-ஆம் தொகுதியைக் கையில் எடுக்கும் முன் எதிர்ச்சுவரில் கண்ணாடிப் பொருள் ஏதாவது மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றி வைத்துவிடுங்கள்.